ரிவர்ஸில் வந்த மணப்பெண்

பிரிக்கத் தெரிந்துவிட்டால் பூட்டவும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை வாலிப வயதில் எல்லோருக்கும் ஒருமுறை வரும். எனக்கு அது கல்யாணத்துக்கு முந்தின மாதம் வந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் எங்கள் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், ஒரு கிழட்டுக் கார் இருந்தது. யாரோ ஒரு துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. துணிக் கூரை, ஏறி நிற்க அகலமான புட்போர்டு. கியர் மாற்றினால் தெருநாயெல்லாம் எழுந்து குரைக்கும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மணப்பெண்ணை இந்தக் காரில்தான் அழைத்து வருவேன் என்று மாமனாரிடம் சவடால் விட்டிருந்தேன். (அவர் காரே கேட்கவில்லை.)

நானும் அக்கா புருஷன் காதர் மச்சானும் மதராஸுக்குப் போய், யுத்தத்தில் ஓடிய லாரி ஒன்றின் கியர் பாக்ஸை வாங்கி வந்தோம். கொல்லையில் புளியமரக் கிளையில் கயிறு கட்டிப் பழையதைக் கழற்றி, புதியதை ஏற்றினோம். அளவு சேரவில்லை. அரத்தால் ராவிச் சேர வைத்தோம். முடிந்தபோது தரையில் ஒரு கைப்பிடி சாமான் மிச்சம் கிடந்தது.

"இது இன்னா மச்சான்?"

"வுடுடா. தொர வேஸ்ட்டா போட்டு வச்சிகிறான்."

நிக்காஹ் அன்று காலை கார் பூப்போலப் போய்ச் சேர்ந்தது. மாமனாரே அதைத் தடவிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும் நேரம். சந்தில் கார் திரும்பாது என்று ரிவர்ஸிலேயே பெரிய ரோட்டுக்கு வந்தேன். உறவெல்லாம் கூடவே வந்தது. அங்கே முதல் கியருக்கு இழுத்தேன். அசையவில்லை. மச்சான் இரண்டு கையாலும் இழுத்தார்; காலால் உதைத்தார். ரிவர்ஸ் விடுவேனா என்றது.

"இன்னா மாப்ள, எதுனா பேஜாரா? மாட்டு வண்டி கட்டச் சொல்லட்டா?" என்றார் மாமனார்.

"வேணாம் மாமா. இது ரெண்டு பக்கமும் போவும்!" (வாய் மட்டும் நல்ல கண்டிஷனில் இருந்தது.)

அப்படியே கிளம்பினோம். மச்சான் புட்போர்டில் தொங்கியபடி, "லெப்ட்ல மாடு வந்துகினு கீது! ஒடி, ஒடி!" என்று அலறினார். நான் கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தே ஓட்டினேன். பின்சீட்டில், அக்கா பக்கத்தில், மணப்பெண். ரோட்டைப் பார்க்கிறேனா தன்னைப் பார்க்கிறேனா என்று தெரியாமல் அவள் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்க வந்து தங்கியிருந்த கூட்டம் எங்களைப் பார்த்தது. அங்கேயே ரேடியேட்டர் கொதித்து, புகை கக்கி, கார் நின்றது. ஜட்கா வண்டி பிடித்தோம். ஏறும்போது மணப்பெண் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்:

"இதாவது நேராப் போவுமா?"

அவமானத்தில் பல நாள் நான் அந்தக் காரின் பக்கமே போகவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்: "அம்மா ரோட்டுல நின்னு கைய ஆட்டிச்சு. புள்ளியா போற வரிக்கும் மொகத்தப் பாத்துகினே வந்தேன். எந்தப் பொண்ணுக்குங்க அது கிடைக்கும்?"

இன்றும் எங்கள் குடும்பத்தில் பெண்ணை அனுப்பும்போது, அழுகை தொடங்கும் நேரம் பார்த்து யாராவது டிரைவரிடம், "ரிவர்ஸ்லயே போப்பா" என்பார்கள். அழ வாயெடுத்த பெண் சிரித்துவிடுவாள்.