போட்டுக் குடுத்த குப்பை மிஷின்

கல்யாணம் ஆனவனுங்க எல்லாம் முன்னாடி வந்து உக்காருங்கடா. ஆகாதவனுங்க சிரிச்சுக்கங்க, இன்னும் எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்.

இது நம்ம பிரேக் வாத்தியார் கதை. கார் ஓட்டச் சொல்லித் தர்றவரு. ஓட்டுறவன் காலடியில ஒரு பிரேக், வாத்தியார் காலடியில இன்னொரு பிரேக். எப்பேர்ப்பட்டவனையும் அந்த ரெண்டாவது பிரேக்கால டக்குனு நிறுத்திடுவாரு. வீட்டுக்குள்ள வந்தா அந்தப் பிரேக் அம்மணி காலடிக்குப் போயிடும்.

சர்க்கரை ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து மதிய டப்பாவுல பாகற்காய்தான். ஒருநாள் வதக்கினது, ஒருநாள் வேகவெச்சது. வெளிய கொட்டலாம்னா, டிரைவிங் ஸ்கூல் ஓனரம்மா அம்மணியோட பள்ளிக்கூடத் தோழி. வீட்டுல கொட்டலாம்னா, குப்பை வாளியை அம்மணி ஒரு கிளறு கிளறாம கீழ அனுப்ப மாட்டாங்க.

யோசிச்சாரு. ஒருநாள் நெஞ்சை நிமித்திக்கிட்டு அறிவிச்சாரு.

"இனிமே இந்த வீட்டுலேர்ந்து ஒரு வாழைப்பழத் தோல்கூட வெளிய போகாது. உலகத்தைக் காப்பாத்தப் போறேன்!"

"மொதல்ல துவைச்ச துணியைக் காப்பாத்துங்க, மழை வருது"ன்னாங்க அம்மணி.

சமையல் மேடை மேல கரண்ட்ல ஓடுற குப்பை மிஷின் வந்து உக்காந்துச்சு. மிச்சம் மீதியை உள்ள போட்டு, மூடி, பட்டனை அமுக்கணும். காயவெச்சு, அரைச்சு, ஆறு மணி நேரத்துல தூளாக்கிடும். மண்ணுல கலந்து வெச்சா செடிக்கு ஆகும். அந்தத் தூளுல பாகற்காய் எங்க இருக்குன்னு, பாகற்காயைப் பெத்த கொடியே வந்தாலும் கண்டுபிடிக்காது.

தினம் சாயங்காலம் அம்மணி கடைக்குப் போற நேரம். டப்பா, மூடி, பட்டன். பார்க்க யாருமில்ல. சோபாவுல மச்சினன் கிடப்பான், காலேஜைப் பாதியில விட்டவன், காதுல ஒயரு, கையில போனு. அவனை வாத்தியார் தலகாணிக் கணக்குலதான் வெச்சிருந்தாரு.

நாலு நாள் சொர்க்கம். தினம் மூஞ்சியைத் தூக்கிட்டு வர்ற மனுஷன் விசில் அடிச்சுட்டு வந்தாரு பாருங்க, அங்கதான் சறுக்கினாரு. அஞ்சாம் நாள் அம்மணி கேட்டாங்க.

"பாகற்காய் எப்படிங்க இருந்துச்சு?"

"அமிர்தம்!"

"மிஷின் வேற மாதிரி சொல்லுதே."

"மிஷின் சொல்லுதா?"

அம்மணி போனை எட்டப் பிடிச்சுப் படிச்சாங்க. "ஆறு பத்து. பாகற்காய், முழு டப்பா. ஒரு துண்டுகூடக் கடிக்கல."

"இது மெசேஜ் எல்லாம் அனுப்புமா?"

"புது மாடலாச்சே. கூட வந்த புத்தகத்தைப் படிச்சீங்களா?"

படிக்கல. சாலை விதிப் புத்தகத்தை வரி விடாம மனப்பாடம் பண்ணுன்னு எல்லாரையும் வறுத்தெடுக்கிறவரு, இதைப் பிரிக்கவே இல்ல. இப்பத் தேடினா காணோம்.

மறுநாள் மிஷினைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டுக் கொட்டினாரு.

"'என்னை மூலையில நிக்க வெச்சுட்டார்'னு அனுப்பியிருக்குங்க."

அதுக்கு மறுநாள் மேல ஒரு போர்வையைப் போட்டாரு.

"'மூச்சு முட்டுது'ங்குது. பாவம்ங்க, வாயில்லா ஜீவன்."

"இதுக்கா வாயில்ல?"

அன்னிக்கோட அடங்கிட்டாரு. இப்ப தினம் காலி டப்பாவை மிஷின் முன்னாடி கவுத்துக் காட்டுறாரு. "நல்லாப் பார்த்துக்கோ. அவகிட்ட உள்ளதை மட்டும் சொல்லு." சர்க்கரையும் இறங்கிடுச்சு. எப்படிய்யான்னு டாக்டர் கேட்டதுக்கு, "வீட்டுல மிஷின் ரொம்பக் கண்டிப்புங்க"ன்னாராம்.

இப்ப சொல்லிடறேன். அந்த மிஷினுக்கு அரைக்க மட்டும்தான் தெரியும். மெசேஜ் அனுப்பின தலகாணி நான்தான். என்னை நல்லவன்னு நினைச்சுடாதீங்க. அவர் சாப்பிடாத ஒவ்வொரு டப்பாவுக்கும் எனக்கு ஒரு டப்பா பாகற்காய்னு அக்கா சொல்லிட்டா.