பன்னி போட்ட வட்டம்

“பன்னிதான்,” என்றார் பக்கத்து வயல் அய்யாக்கண்ணு. “காட்டுப்பன்னி. குடும்பத்தோட வந்து உருண்டிருக்கு.”

என் மனைவி அன்புமொழி குனிந்து தரையைப் பார்த்தாள். எங்கள் வயலில், அறுப்புக்கு நின்ற நெல்லுக்கு நடுவே, முப்பதடி அகலத்துக்குக் கதிர்கள் வட்டமாகப் படுத்துக் கிடந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை, அவள் திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில். ஒரு முளைக்குச்சி, கயிறு, பலகை. ஆறு மணி நேரம். ஒரு நெல்தாள்கூட முறியவில்லை. வெளிநாட்டில் வயலில் இப்படி வட்டம் போட்டால் ஹெலிகாப்டர் ஏறி வந்து பார்க்கிறார்கள். எங்கள் வல்லத்திராக்கோட்டையில் பன்னி என்கிறார்கள். பதினேழு வருஷமாக டிராயிங் மாஸ்டர் நான். என் பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். அதையும் பொறுத்தவன். இதையும் பொறுத்தேன். போட்டவன் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது அந்தக் கலையின் மரியாதை. தெரிந்தால் அன்புமொழி என்ன செய்வாள் என்பது வேறு விஷயம். நாற்று விட்டதிலிருந்து அது அவள் பயிர்.

“பன்னின்னா காலடி இருக்கணுமேண்ணே?” என்றாள்.

“காஞ்ச தரையில எங்கிட்டு தங்கச்சி தெரியும்?”

“அதுவுஞ் சரிதான். ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?”

“பன்னி இவ்வளவு நேர்த்தியாவா படுக்கும்?” என்றேன்.

“என்னத்த நேர்த்தி? கிழக்கால பாருங்க, கோணலா இழுத்துக்கிட்டுப் போகுது. முட்டை மாதிரி.”

“நீ நிக்கிற எடத்துலேர்ந்து அப்பிடித்தான் தெரியும். மேலேர்ந்து பாக்கணும்.”

“மேலேர்ந்து பாத்தாலும் முட்டைதான். பன்னிக்கு அம்புட்டுத்தானே வரும், பாவம். கதிரும் ஒண்ணு இங்கிட்டு, ஒண்ணு அங்கிட்டுன்னு கலைஞ்சு கெடக்கு.”

“கலையல! வெளி வளையம் வலஞ்சுழி, உள்வளையம் இடஞ்சுழி. வேணும்னே மாத்திப் படுக்க வச்சது!”

“யாரு, பன்னியா?”

“பதினஞ்சடிக் கயிறு! நடுவுல முளை! ஒரு அங்குலம் பிசகாது, டேப்பு வச்சு அளந்து பாரு!”

அய்யாக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைக்கு அத்தனை நேரம் துடைக்க வேண்டியதில்லை.

“ஞாயித்துக்கெழம ராத்திரிச் சோறு திங்கவிடாம நெல்லுச் சொணையில சொறிஞ்சுக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே தெரியும்,” என்றாள் அன்புமொழி. கையிலிருந்த அரிவாளை நீட்டினாள். “நாளைக்கு மிஷின் வருது. நிக்கிறத அறுக்கும். படுத்ததுல பாதிய வயல்லயே விட்டுரும். இத நீங்க கையால அறுத்துருங்க.”

“அன்பு, இது கலை.”

“ஆமா. பன்னி வந்து கெடுத்துறப் போகுது. சீக்கிரம் அறுங்க.”

நடுவில் குந்தி அறுக்க ஆரம்பித்தேன். அய்யாக்கண்ணு கிளம்பினார். அன்புமொழியும் வரப்புக்குத் திரும்பினாள். போகிற வழியில், வட்டத்தின் ஓரத்தில் எழும்பி நின்ற ஒரு கதிரை, மற்றவை படுத்திருந்த பக்கமே காலால் சாய்த்துவிட்டுப் போனாள்.