முந்திரிக் காட்டுக்கு ஒரு மாடல்

இந்த வருஷம் ஜெயங்கொண்டத்து மாமனாரின் முந்திரிக் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சுதர்சன் சபதம் எடுத்தான். போன வருஷம் குனிந்து கொட்டை பொறுக்கியவனுக்கு, நிமிர ஒரு வாரம் ஆனது.

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலை ஒன்றில் லாரிகளின் வரிசையைத் திட்டமிடுவது அவன் வேலை. அதற்காக லேப்டாப்பில், புரோகிராம் எழுதும் கோட் எடிட்டரோடு எக்ஸ்டென்ஷன் என்ற துணைக்கருவி ஒன்றைச் சேர்த்திருந்தான். எத்தனை லாரி வரும், எடைபோட எவ்வளவு நேரமாகும் என்று நாலு வரியில் ஒரு மாடல் எழுதி ஓடவிட்டால், நாள் முழுக்க நடக்கப்போவதைப் படமாகக் காட்டிவிடும். தப்பாக எழுதினால் சிவப்புக் கோடு போடும். அதே வித்தையை மாமனார் காட்டுக்கும் காட்டி, மனைவியைக் கூப்பிட்டான்.

“பூங்குழலி, இங்க வாயேன். நான் வராட்டி பொறுக்கி முடிக்க ஆறு நாள். வந்தா ஒம்பது நாள். கம்ப்யூட்டரே சொல்லுது.”

“ஆள் கூடினா நாளும் கூடுமாங்க?”

“எல்லாரும் வேலைய விட்டுட்டு எனக்குக் கோழி அடிக்கப் போயிடுறீங்கல்ல?”

அவள் திரையில் விரல் வைத்து வாசித்தாள். “எல்லாம் எழுத்தாத்தானே இருக்கு. ‘மாப்பிள்ளை ஓய்வு, மணிக்கு நாப்பது நிமிஷம்.’ இது யாரு சொன்னது?”

“அது... ஒரு அனுமானம்.”

“இதுக்கு ஏன் சிவப்புக் கோடு போடல?”

“அது எழுத்துப் பிழையத்தான் புடிக்கும்.”

“சரி, புருஷன் பிழையப் புடிக்க நான் இருக்கேன்.”

நாற்பதை ஐந்தாக்கினாள். கோழியை அழித்தாள். ஓடவிட்டாள். நாலே நாள்!

“மாடல் நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் ஓடப் பாக்குறீங்க” என்றவள், பக்கத்தில் திறந்திருந்த லாரி மாடலையும் எட்டிப் பார்த்தாள். “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்காங்க. டிரைவருங்க சோறு திங்க மாட்டாங்களா?”

சுதர்சனுக்குச் சுருக்கென்றது. மாடலில் மதியம் காலியாக இருக்கும் வரிசை, ஆலையில் மட்டும் ரோடு வரை நிற்கும். ஏனென்று புரியாமல் ஒரு மாதமாக மேனேஜர் சிவசுப்பிரமணியனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இந்த வாரம் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு ஒரு வரி சேர்த்தான். மாடலிலும் வரிசை ரோட்டுக்கு வந்தது. பாதிப்பேர் முன்னால், பாதிப்பேர் பின்னால் சாப்பிடட்டும் என்று மாற்றினான். வரிசை கரைந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பூவு, என் வேலையக் காப்பாத்திட்ட.”

“இருக்கட்டும். காப்பி ஆறுது, குடிங்க.”

அந்த வாரமே ஆலையிலும் வரிசை குறைந்தது. மேனேஜர் கைகுலுக்கினார். சுதர்சனின் நெஞ்சு முழுக்க மனைவிதான். இவளுக்காக இடுப்பு என்ன, எது ஒடிந்தாலும் ஒடியட்டும்! தியாகியின் குரலில் கேட்டான்: “சார், ஒரு நாலு நாள் லீவு வேணும். மாமனார் காட்டுல கொட்டை பொறுக்கணும்.”

மேனேஜர் விழித்தார். “அதான் போன வாரமே உங்க வூட்டம்மா, எங்க வூட்டம்மாகிட்ட சொல்லி வாங்கிட்டாங்களே! நாலு இல்ல சுதர்சன், எட்டு நாள். பொறுக்க நாலு, நிமிர நாலாம்.”