பென்குவின் வயிற்றில் செப்புத் தகடு

மகான் கார்வின் வருகிறார் என்றதும் மூன்றாம் மாடியில் மேஜைகளெல்லாம் காலியாகிவிட்டன. வெளியே கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பனி கொட்டுகிறது, பயிர்க் காப்பீட்டுப் பணம் கேட்டு விவசாயிகள் அழைக்க, அலுவலகப் போன்கள் அலறுகின்றன. அலறட்டும். ஊழியர்கள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்து, வயர்லெஸ் மௌஸைக் கையில் ஏந்தி, கூட்ட அறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். எல்லோரும் படித்தவர்கள்தான். பாதிப் பேர் புள்ளியியல் பட்டதாரிகள்.

அலுவலகக் கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிய நாளிலிருந்து மௌஸ் சண்டித்தனம் செய்தது. அம்புக்குறி நின்று நின்று குதித்தது. வயர்லெஸ் கீபோர்டில் தட்டியதில் பாதி எழுத்து திரைக்கு வந்து சேரவில்லை. காரணத்தைக் கார்வின் ஒரே மூச்சில் கண்டுபிடித்தார். லினக்ஸின் சின்னமான அந்தப் பென்குவின்! குளிர்ப் பிராணியாம், நல்ல அலைகளை உறிஞ்சிவிடுகிறதாம். ஜனவரி மாத வின்னிபெக்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு படத்தைப் பார்த்துக் குளிருக்குப் பயப்படுகிறார்கள்!

பரிகாரம் எளிது. லேப்டாப்பில் ஒட்டிய பென்குவின் ஸ்டிக்கரின் வயிற்றில் செப்புத் தகடு. மௌஸுக்குப் பக்கத்தில் பச்சைக் கல். பிறகு எல்லோரும் தலை குனிய, கார்வின் மௌஸின் சமிக்ஞையை வாங்க லேப்டாப்பில் சொருகியிருக்கும் குட்டி ரிசீவரைப் பிடுங்கி, மூச்சு ஊதி, மறுபடி சொருகுவார். மௌஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். அறை முழுக்கக் கைதட்டல்.

ஊழியர்களில் ஒருத்தியான லோர்னா ஃப்ரீசன் சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

"இந்த மாடியில ஒரு மறுப்பு அலை இருக்கு. அது இருக்கிற வரைக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது" என்றார் கார்வின், கண்ணை மூடியபடி அவள் பக்கமே விரலை நீட்டி.

மேலாளர் வெண்டல் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். திங்கள் முதல் லோர்னாவுக்கு அடித்தளக் கிடங்கில் மேஜை. ஜன்னல் கிடையாது, பேச ஆள் கிடையாது, ஹீட்டர் நினைத்தால் வேலை செய்யும். லோர்னாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அழுதுகொண்டு போகாமல், வாசலில் நின்று கார்வினின் கையையே பார்த்தாள். எல்லா லேப்டாப்பிலும் ரிசீவர் இடது பக்கம், கோப்புகளை நகலெடுத்து வைக்கும் பேக்கப் டிஸ்க்கை ஒட்டி இருந்தது. மகான் பிடுங்கியது இடது பக்கம். ஊதிவிட்டுச் சொருகியதோ வலது பக்கம்! தன் மேஜைக்கு ஓடி, கல்லும் மூச்சும் இல்லாமல் மாற்றிச் சொருகிப் பார்த்தாள். அம்புக்குறி ஒழுங்காக ஓடியது. திரும்பி வந்தாள்.

"வெண்டல், நான் கீழ போறேன். பெட்டி கட்டவும் தயார். அதுக்கு முன்ன ஒரு சின்னச் சோதனை. உங்க லேப்டாப்லயே."

"அவ கை பட்டா அலை கலைஞ்சிரும்!" என்றார் கார்வின்.

"என் கை எதுக்கு? வெண்டலே செய்யட்டும். தகடு இருக்கு, கல்லு இருக்கு, மகானும் பக்கத்துலயே இருக்கார். ரிசீவரை மட்டும் பழையபடி டிஸ்க் பக்கத்துல சொருகுங்க."

"ஐயோ, அங்க வேண்டாம்!" என்று பதறினார் கார்வின்.

"ஏன்? கோளாறு பென்குவின் வயித்துலதானே?"

வெண்டல் சொருகினார். அம்புக்குறி குதித்தது. கல்லையும் தகட்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரிசீவரை வலது பக்கம் மாற்றினார். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"டிஸ்க் ஓடுறப்போ அதுலேர்ந்து வர்ற மின் இரைச்சல்ல, ஒட்டி இருக்கிற ரிசீவருக்கு மௌஸ் சொல்றது கேக்கல. தள்ளி வச்சாக் கேக்குது. அவ்வளவுதான்" என்றாள் லோர்னா.

"அப்போ லினக்ஸ் வந்தப்புறம் ஏன் ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் வெண்டல்.

"லினக்ஸ் லேப்டாப்போட சேர்த்துத்தானே டிஸ்க்கையும் குடுத்தீங்க?"

இதற்குள் வரிசையில் நின்ற ஒக்சானா, கார்வினின் சொந்த லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி! டிஸ்க் இடது பக்கம், ரிசீவர் வலது பக்கம். கல்லையே காணோம்!"

"நான் ஏற்கெனவே சுத்தமானவன்" என்று முனகியபடி மகான் பனியில் இறங்கி நடந்தார். கையுறையைக்கூட மறந்துவிட்டார்.

வெண்டல் தலையைச் சொறிந்தார். "லோர்னா, உன் மேஜை இங்கேயே இருக்கட்டும். மன்னிச்சுக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கல்லை மட்டும் ஒரு பாதுகாப்புக்கு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோங்க, காகிதம் பறக்காம இருக்கும். அடுத்த தடவை எதாவது மக்கர் பண்ணினா, ஊதுறவனைத் தேடாதீங்க. எதை எங்க சொருகியிருக்கோம்னு குனிஞ்சு பாருங்க. அந்தாளு முன்னால குனிஞ்ச கழுத்துதானே, இதுக்கும் குனியும்."