இல்லாத பாலத்தில் மூன்று தடவை நடந்தேன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மானம் மட்டும் நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து சரியில்லை. உன் வேலை, தூக்கம், முதுகுவலி எல்லாம் எப்படி என்று விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆன மாமா சும்மா உட்கார்ந்து அத்தையோடு மல்லுக்கு நிற்கிறாரே என்று நீதான் எனக்கு அந்த வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாய். முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியவனுக்கு, எந்த அரசியல்வாதி எத்தனை வருஷம் தாமதம் என்று எழுதுவதா பெரிய காரியம்? 'விடாக்கண்டன்' என்று பெயர் வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினேன். யார் எந்தத் தேதிக்கு என்ன வாக்குக் கொடுத்தாலும் நோட்டில் குறிப்பேன். தேதி வந்ததும் 'சொன்னது என்ன ஆச்சு?' என்று ஒரு பதிவு. வாசகர்கள் பதினொரு பேர், அதில் மூன்று பேர் நான். நாற்பத்திரண்டு வாக்குறுதியில் நாற்பத்திரண்டும் காற்றோடு போயின. அப்புறம் நீ வந்து, பதிவை முன்கூட்டியே எழுதி வைத்தால் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் தானாக வெளியாகும் என்று காட்டிக் கொடுத்தாய் பார், அங்கே பிடித்தது வினை. எவரும் செய்யப் போவதில்லை என்று தெரிந்த பிறகு தேதி வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? வாக்குக் கொடுத்த அன்றே திட்டி எழுதி, தேதி போட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் வார்டு உறுப்பினரை உனக்குத் தெரியும், முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரம்மா. கட்சி கிடையாது, கொடி கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால்வாயைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் நடக்கிறார்கள், இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் நடைபாலம் போட்டுத் தருகிறேன் என்று ஏழு மாதத்துக்கு முன் சொன்னார். நான் அன்று சாயங்காலமே எழுதி வைத்தேன்: 'இன்று பத்தாம் தேதி. கால்வாய் இருக்கிறது, சேறு இருக்கிறது, கொசு இருக்கிறது. பாலம் எங்கே அம்மணி?' பழைய போட்டோ ஒன்றும் சேர்த்தேன். அப்புறம் முழங்கால் வலியில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நேற்றுத்தான் பத்தாம் தேதி. பதிவு வெளியாகிற நேரத்தில் பாலம் இல்லாததைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று விடிந்ததும் நடந்து போனேன். போனால், பாலம் இருக்கிறது மாப்பிள்ளை! பச்சைப் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, சும்மா ஜம்மென்று நிற்கிறது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கட்டலாம் என்று. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று தடவை நடந்தேன், நடுவில் நின்று குதித்தும் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் பதிவு ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்கிறார், "பாத்தியா, பாலமே கட்டலையாம். போட்டோவோட போட்டிருக்கான்." நான் பொறுக்க முடியாமல், "அப்ப நீங்க எது மேல நிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து காலடியைப் பார்த்துவிட்டு, "இது வேற பாலமா இருக்கும் சார்" என்றார். கூட நின்றவர், "எல்லாம் தேர்தல் வரைக்கும்தான். முடிஞ்சதும் கழட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். இத்தனைக்கும் அவர்தான் வெல்டிங் வைத்தவராம்.

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், என் பதினொரு பேர் பதிவை, தேர்தல் சமயம் என்று யார் யாரோ பகிர்ந்து, ஆறாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். உடனே திருத்தம் போட்டேன்: 'பாலம் இருக்கிறது. நானே நடந்தேன். தவறு என்னுடையது.' அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். 'எவ்வளவு வாங்கினீர்?' என்று ஒருவர். 'விடாக்கண்டனையும் விலைக்கு வாங்கிட்டாங்க' என்று இன்னொருவர். பாலத்தின் போட்டோவைப் போட்டால் அது கம்ப்யூட்டரில் வரைந்தது என்கிறார்கள். உன் அத்தையே காபியை வைத்துவிட்டு மெல்லக் கேட்கிறாள், "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, என்ன குடுத்தாங்க?" இவர்களை இப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று மருந்துக்கடைக்குப் போனேன். அந்தம்மா கல்லாப் பக்கம் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே, "பாத்தீங்களாண்ணே? ஏழு மாசம் காண்ட்ராக்டர் வாசல்லயே போய் நின்னேன். செய்யாம திட்டு வாங்கினா நியாயம். செஞ்சும் வாங்கணும்னா எதுக்கு? வெள்ளிக்கிழமை தேர்தலுக்கு மனு போடக் கடைசி நாள். நான் போடலை. கடையைப் பாத்துக்கிட்டு இருந்துடறேன்" என்றார். 'அது நான்தானம்மா' என்று தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது, "பிரஷர் மாத்திரை பத்து நாளைக்குக் குடுங்க."

எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. அவர் நிற்காவிட்டால் எதிராளி போட்டியே இல்லாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த எதிராளியைப் பற்றி மட்டும் என் நோட்டில் ஏழு பக்கம் இருக்கிறது. யாரையும் நம்பாமல் இருப்பதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். நாலு தெரு தள்ளிப் போய்ப் பார்க்கச் சோம்பல், அவ்வளவுதான் விஷயம். ஆகவே அந்தப் பதிவை அடியோடு அழித்து, வலைப்பூவையும் இழுத்து மூடிவிடு. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அழுத்தியதில் எழுத்துதான் பெரிதாயிற்று. இனி நான் எழுத மாட்டேன், இது உறுதி.

உனக்கு நல்ல வேலையும் நல்ல மனசுள்ள மேலதிகாரியும் அமையட்டும். அக்காவுக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தை மட்டும் காட்டாதே.

இப்படிக்கு,
தலைகுனிந்த உன் மாமா

பின்குறிப்பு: எதையும் அழிக்காதே! அனுப்புமுன் மனசு கேட்காமல், இன்று வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் போய், "அம்மா, விடாக்கண்டன் நான்தான். இன்னிக்கே அழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்ணே, இந்த வார்டுல நிமிஷக் கணக்கோட திட்டுற ஆள் வேற யாரு?" என்றார். "ஆனா அழிச்சிடாதீங்க. அழிச்சா நான் மிரட்டித்தான் அழிச்சீங்கன்னு சொல்லுவாங்க." பிறகு அவரே, "மனு போட்டா பதவி ஆசைம்பாங்க, போடலைன்னா எதையோ மறைக்கிறேம்பாங்க. எப்படியும் பேசத்தான் போறாங்க, போட்டே தொலைக்கிறேன். ஆனா முன்மொழிய ஒரு ஆள் கையெழுத்து வேணும். நேத்து நான் நிக்கலைன்னதும் போடறதா இருந்தவர் எதிராளிக்குப் போட்டுட்டார்" என்று என்னைப் பார்த்தார். தேர்தல் அலுவலகத்தில் மூன்று மணிக்குக் கதவை மூடுவார்கள். பாரம் நிரப்பி, வரிசையில் நின்று, இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் ஓர் அரசியல்வாதிக்காக நான் போட்ட முதல் கையெழுத்து. இன்று அதை என் சொந்தப் பெயரிலேயே எழுதப் போகிறேன். ஆறாயிரம் பேரும் வந்து திட்டுவார்கள். நீ ஒருத்தனாவது என்னை நம்பு மாப்பிள்ளை.