டபுள் மைக் சொன்ன சிறுத்தை

பெரம்பலூரில் எதையும் ஒரே தடவை சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் டபுள் மைக்தான். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு துக்கச் செய்தி, மின்தடை, காணாமல்போன ஆடு எல்லாவற்றையும் ஊருக்கு அறிவித்தவர். ஒரே சாவுக்கு இரண்டு மாலை வாங்கிப் போனவர்களும் உண்டு. செல்போனில் லைவ் போட ஆரம்பித்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. "பஸ் கவுந்துருச்சு... பஸ் கவுந்துருச்சு!" என்பார்.

"ஏன்யா, ஒரு தடவ சொன்னா பத்தாதா?" என்று கேட்டேன்.

"மொத தடவ சத்தம்தான் சார் காதுல விழும். ரெண்டாந் தடவதான் சேதி விழும்."

நான் இருபது வருஷமாக ஒரு நாளிதழின் நிருபர். நான் எழுதியது மறுநாள் அச்சாகி வருவதற்குள் ஊரே அவர் லைவைப் பார்த்து முடித்திருக்கும். ஆசிரியர் போனில் காய்ச்சி எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷனோ என்னைக் கேட்காமல் எதையும் போட மாட்டார். "சார், நெசமா? நெசமா?" நான் தலையாட்டினால்தான் அவருக்கு அது செய்தி.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தேன், போன் அடித்தது.

"சார், வாலிகண்டபுரம் பக்கம் சோளக்கொல்லையில சிறுத்தையாம். நெசமா? நெசமா?"

"ஆமாய்யா ஆமா, போட்டுத் தொலை!" என்று கத்திவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

போட்டுவிட்டார். மூன்று நாள் கதிர் ஒடிக்க ஒரு ஆள்கூடக் கொல்லையில் இறங்கவில்லை. நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் சிறுத்தை தானாகவே டீக்கடைக்கு வந்து பொறைக்கு வாலாட்டியது. செவலை நாய்!

கொல்லைக்காரர்கள் ஆட்டோவை மறித்துவிட்டார்கள். "கதிரெல்லாம் மொளச்சுப்போச்சு! ஒனக்கு யாருய்யா சொன்னது?"

கூட்டத்தின் பின்னால் நான் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். வேலை போச்சுடா என்று நினைத்தேன். அவர் மைக்கை எடுத்தார்.

"தப்பு என்னுதுங்க... தப்பு என்னுதுங்க."

என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாவது முன்னால் போய் உண்மையைச் சொன்னேனா? வெட்கக்கேடு, மெல்ல நழுவிவிட்டேன்.

அதன்பின் ஒரு வாரம் போன் இல்லை. இனி என்னைக் கேட்க மாட்டார் என்றே நினைத்தேன். எட்டாம் நாள் மணி அடித்தது.

"சார், அரியலூர் ரோட்டுல புளியமரம் சாஞ்சிருச்சாம். நெசமா? நெசமா?"

"இருய்யா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று பைக்கை எடுத்தேன். மரத்தடியில் நின்று போன் போட்டேன்.

"சாஞ்சுதான் கெடக்கு. அப்புறம்... என்னை மன்னிச்சுக்கய்யா."

"என்ன சார் சொன்னீங்க?"

இன்னொரு தடவை சொன்னேன்.