ஏழாவது கம்பியும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும்

என் அம்மாவுக்கு ஒரே தம்பியும், எட்டுக் கம்பிக்கு ஒரே சொந்தக்காரருமான மாமா அவர்களுக்கு,

மருமகள் வாலு எழுதிக்கொள்வது. நான் நலம். அப்பா நலம். அம்மாவின் காதுகள் இரண்டும் நலம்; அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதமே இருக்கிறது. தங்கள் கிடாரில் எட்டுக்கு ஏழு கம்பிகள் நலம். எட்டாவது மட்டும் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து கிடக்கிறது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். என் போன் அம்மாவின் ஸ்பானர் பெட்டிக்குள் பத்து நாள் சிறையில் இருக்கிறது. அது உள்ளே கம்பி எண்ணுகிறது, நான் வெளியே கம்பி எண்ணுகிறேன். ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும். பல்லைக் கடிக்க வேண்டாம். அப்பாவின் பட்டறையில் பல் செட்டுக்கு ஏற்கெனவே வரிசை நிற்கிறது.

புது வேலைக்குக் கிளம்பும்போது, ஒற்றை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை என்று சொல்லி, கிடாரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஒரு வருஷத்துக்கு என்னிடம் விட்டுப் போனீர்கள். இரண்டு நிபந்தனைகள் போட்டீர்கள். "ஒண்ணு, நான் முறுக்கி வச்சிருக்கிற சுருதியைத் தொடக்கூடாது. ரெண்டு, உங்கம்மாகிட்ட இருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த வண்டியைப் பிடிச்சு வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்." நான் தலையாட்டினேன். முதல் நிபந்தனை முழுசாகப் பதினொரு நாள் உயிரோடு இருந்தது. அது செத்ததற்கு என் விரல்களே காரணம், நான் இல்லை. மாமா, அந்தக் கிடாரின் கழுத்து அகலத்தில் ஒரு நாய் படுத்துத் தூங்கலாம். பேருக்குத்தான் எட்டுக் கம்பி, எனக்கு அதில் மூன்று எட்டவே இல்லை. மனம் வெறுத்திருந்தபோது ஒரு வீடியோவில் ஒரு ஆள் இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டே வலது கையால் கம்பிகளை ஒரே நீவாக நீவினான். பல சுரம் ஒன்றாகச் சேர்ந்த முழு கார்டு கேட்டது! ஓப்பன் டியூனிங்காம். கம்பிகளை முன்கூட்டியே ஒன்றுக்கொன்று இசைவாக முறுக்கி வைத்துவிட்டால், விரலே வைக்காமல் சும்மா நீவினால் போதுமாம். சோம்பேறித்தனத்துக்கு இப்படியொரு சாஸ்திரம் இருப்பதை இத்தனை நாள் யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டேன், அப்புறம் குமிழ்களைத் திருகினேன்.

முதலில் ஒரு சுருதி வைத்தேன், கல்யாண வீடுபோல இருந்தது. ஒரே ஒரு கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினேன், அதே வீடு இழவு வீடாகிவிட்டது. ஒரு குமிழுக்கு இவ்வளவு அதிகாரமா என்று அசந்துபோய், மூன்றாவதாக எல்லாக் கம்பிகளையும் இறக்கி டி, ஜி என்ற இரண்டே சுரங்களில் மாற்றி மாற்றி வைத்தேன். எட்டாவது கொடிக்கயிறு ஆனது அப்போதுதான். ஏழாவது கம்பியைத் தட்டினேன், கையை வைத்து நிறுத்தினேன். கம்பி நின்றது, சத்தம் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் நம் ஃபிரிட்ஜ் அச்சு அசலாக அதே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது! எனக்கு ஒத்து ஊத இத்தனை வருஷமாக ஒரு ஆள் அங்கே நின்றிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நல்ல பிள்ளை என்றால் இதை நோட்டில் எழுதி வைத்திருக்கும். எனக்கோ, ஃபிரிட்ஜ் கம்பிபோலக் கத்துமென்றால் கம்பி ஏன் ஃபிரிட்ஜ்போலக் கத்தக்கூடாது என்று தோன்றியது. தங்கள் கிடார் பெட்டிக்குள் லூப்பர் பெடல் வேறு இருந்தது. ஒருமுறை வாசித்ததையே விடாமல் திருப்பித் திருப்பிச் சொல்லுமாம். நம் வீட்டில் அந்த வேலைக்கு அம்மா இருக்கிறாள், இருந்தாலும் உதவிக்கு ஒரு ஆள் நல்லதுதானே.

உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் வழக்கை முழுசாகச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கம்ப்ரஸர் நல்லாயிருக்கு, ஃபேன்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவாள். தெருவே அவளை ஃபிரிட்ஜ் டாக்டரம்மா என்கிறது. அந்தக் காதை ஏமாற்றினால் உலகத்தையே ஏமாற்றியதுபோல! சாயங்காலம் ஃபிரிட்ஜ் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி, சத்தத்தைக் குறைத்து, ஏழாவது கம்பியை லூப்பில் ஓடவிட்டேன். அம்மா வந்தாள். காதை வைத்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் பிளக்கையே பிடுங்கினாள். உம்ம்ம் என்று அது பாட்டுக்கு ஓடியது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குதா?"

நாள் முழுக்கப் பல் செட்டைத் தேய்க்கும் மெஷினோடு குடித்தனம் நடத்தும் அப்பா, இடி விழுந்தாலே விலாசம் கேட்பார். "ஒண்ணும் கேக்கலையே. பிளக் உன் கையில இருக்கு, அப்புறம் எப்படிம்மா ஓடும்?"

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்."

"யாரைக் கேக்குற?"

நான் தலையணை உறையை வாயில் திணித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். "வாலு, உனக்காவது கேக்குதா?" நான் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "என்னதும்மா? ஒண்ணுமே கேக்கலையே" என்றேன். மாமா, சத்தம் போட்டது விளையாட்டு. கேட்கவில்லை என்று சொன்னது விளையாட்டு இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

மறுநாள் அம்மா முன்னறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடைக்காரரின் பெரிய குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆறு மாதமாகக் காத்திருந்தாளே, அதைப் பற்றித்தான். "இல்லீங்க, வேற ஆளைப் பாத்துக்குங்க. என் காதை என்னாலயே நம்ப முடியல. காதுதானேங்க எனக்கு எல்லாம்?" போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே சைஸ் வாரியாகப் பிரித்து வைத்திருந்த ஸ்க்ரூக்களை மறுபடி கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தாள். ராத்திரி முழுக்க ஓடவிட்டிருந்த பெடலை ஓடிப்போய் அணைத்தேன். சத்தம் நின்றதும் அம்மா இன்னும் பயந்துபோய், "இப்ப அதுவும் கேக்கல" என்றாள். உண்மையைச் சொன்னால் தங்கள் இரண்டாவது நிபந்தனைப்படி கிடார் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள்போல இருந்தது. தங்கமான பிள்ளை உடனே சொல்லியிருக்கும். பித்தளைக்கு ஒன்றரை நாள் ஆனது.

காது டாக்டரிடம் துணைக்கு என்னையே கூட்டிப்போனாள். ஹெட்போனை மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். டாக்டர் வெளியே வந்து, "இப்படியொரு காதை நான் பார்த்ததே இல்லம்மா. பக்கத்து ரூம் பேஷன்ட்டுக்கு அடிச்ச பீப்புக்கும் சேர்த்து அழுத்துறாங்க" என்றார். அம்மா சிரிக்கவில்லை. வெளியே நடைவழியில், "காது நல்லாயிருக்காம்டி. அப்ப கோளாறு அதுக்கு மேல, மண்டையிலதான்" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் டிரம்முக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் நின்று, நடந்ததை ஒரு புள்ளி விடாமல் அழுது கொட்டினேன். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனாவது கம்பி?"

"ஏழாவது."

"வீட்டுக்கு வா."

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னாள். ஒற்றைக் கண்ணை மூடினாள். "ரெண்டும் ஒண்ணில்லடி. நடுவுல ஏதோ ஊஞ்சலாடுது பாரு." பார்த்தேன், மாமா. கேட்டது! இரண்டு சத்தத்துக்கும் நடுவில் மெல்ல ஏறி இறங்கி ஒரு ஆட்டம். மூன்று நாள் வாசித்த எனக்கு அது கேட்கவே இல்லை. அம்மா நட்டு முறுக்கும் கையால் குமிழை மயிரிழை திருகினாள். ஆட்டம் மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றே போனது. தட்டு ஸ்டாண்டில் இருந்த கரண்டிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. அம்மா எட்டுக் கம்பியையும் ஒரே நீவாக நீவினாள்.

"இதுல விரலே வைக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"உனக்குன்னே செஞ்சு வச்சிருக்கானுங்க." இன்னும் நாலு முறை நீவினாள். ஐந்தாவது முறை நீவிவிட்டு, "உன் போனை எடுத்துக் குடு, பத்து நாளைக்கு" என்றாள். மறுநாள் காலையில் டூல் பெட்டியோடு ரொட்டிக்கடைக்குக் கிளம்பிப் போனாள். விட்ட வேலையைத் திருப்பித் தரச்சொல்லி அங்கே போய்க் கெஞ்சினாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே மாமா, தங்களிடம் நான்கு மன்னிப்புகள் கோருகிறேன். சுருதியைத் தொட்டதற்கு ஒன்று. பெடலைக் கேட்காமல் எடுத்ததற்கு ஒன்று. ஒன்றரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒன்று. அம்மாவிடம் "கேக்கலையே" என்றதற்கு ஒன்று, இது மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் பெரிய சைஸ். தயவுசெய்து அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டாம். இந்தச் சுருதியைக் கலைக்கவும் வேண்டாம். தங்கள் சம்பளம் ஏறட்டும், பக்கத்து அறைக் குழந்தை தூங்கட்டும், தாங்கள் தொட்ட கம்பி எதுவும் அறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டுப்பட்டும் கட்டுப்படாமலும் இருக்கும் மருமகள்,
வாலு

பின்குறிப்பு: தபால்தலை அம்மாவிடம் இருப்பதால் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தவள் பாதியில் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மறுநாள் காலையிலயே தெரியும்டி எனக்கு. ஃபிரிட்ஜ்னா கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும். உன்னோடது மூச்சே விடலையே! எட்டிப் பாத்தா ஸ்பீக்கர்ல சிவப்பு லைட்டு எரியுது." ரொட்டிக்கடை வேலை போகவே இல்லையாம். அன்றைக்குப் போனில், "வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று அவள் உருகிக்கொண்டிருந்தது தங்களிடமாம். "இன்னும் கொஞ்சம் அழுற மாதிரி சொல்லுக்கா" என்று தாங்கள் எடுத்துக் கொடுத்தீர்களாம். முதல் நாள் மட்டும் நிஜமாகவே பயந்துபோய் டாக்டரிடம் நேரம் வாங்கினாளாம். ஆகவே அந்தப் பெரிய சைஸ் மன்னிப்பை அம்மாவிடமே நேரில் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டாள். மீதி மூன்றையும் வைத்துக்கொள்ள, சதியில் கூட்டுச் சேர்ந்த தங்களுக்கு உரிமையில்லை. அடுத்த தபாலில் திருப்பி அனுப்பவும். எனக்குத் தேவைப்படும்.